பாயில் கிடந்தால் நித்திரை வருமா?

மட்டக்களப்புக்குப் போகிறவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று இலங்கையின் பிற பாகங்களில் உள்ளவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஒரு கதையுண்டு. இப்பகுதி மாந்திரீகத்தின் கீர்த்தியைக் கருதி எழுந்ததென்பர் சிலர். விருந்துண்டவன் எழுந்து போக மனமின்றிக் கிடந்துவிடும் வாவிக்கரை வாழ்வின் இனிமையைக் குறித்ததென்பர் வேறு சிலர். கதையின் மூலம் எதுவாயினும் ஆகுக. ஒரு பக்கம் வங்கக் கடலும் மறுபக்கம் மட்டக்களப்பு வாவியும் அணைத்துக் கிடக்கும் எழுவான்கரையின் குருக்கள்மடத்திலும், அயலூர்களாகிய கிரான்குளம், செட்டிபாளையம், களுதாவளை ஆகியவற்றிலும், யாரேனும் ஒரு மந்திரவாதி உண்மையாகவே வந்து தங்களைப் பாயோடு ஒட்டவைத்துவிட மாட்டானா என்று நடுநிசியில் புரண்டு புரண்டு ஏங்குகிற மனிதருக்கு இன்று குறைவில்லை. “ராவெல்லாம் கண்ணே மூடல்ல மனே” என்ற முறைப்பாட்டை வைத்தியசாலைக் கிளினிக் வாங்கிலும், சந்தையிலும், அம்பிளாந்துறைக்குப் போகும் பாதைப் படகைக் காத்து நிற்கிற துறையிலும் கேட்காதவர் இல்லை.

இந்த முறைப்பாடு எழுந்த மாத்திரத்திலேயே, கேட்டு நிற்பவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பரிகாரம் சொல்லத் தலைப்படுவதும் நம்மவர் சுபாவமே. கசகசாவை அரைத்துப் பாலில் காய்ச்சிக் குடி என்பார் ஒருவர். சாதிக்காயைச் சிறிது உரைத்துப் போடு என்பார் மற்றொருவர். மருதோன்றிப் பூவைத் தலையணைக்குள் வைத்துப் படுத்தால் வாசனையிலேயே கண் சொருகும் என்று ஒரு மூதாட்டி சொல்ல, அமுக்கிராக் கிழங்குச் சூரணத்துக்கு மிஞ்சியது எதுவுமில்லை என்று பரியாரியார் மறுப்பார். சனிக்கிழமை நல்லெண்ணெய் முழுக்கும், எருமைத் தயிர்ச் சோறும் இவற்றோடு சேரும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளோ, இயற்கை மருந்து என்று எழுதப்பட்ட மெலற்றோனின் குளிகைப் போத்தல்களையும் வலேரியன் வேர்க் குளிகைகளையும் பொதியில் வைத்து அனுப்புகிறார்கள்.

இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடன்று. அவ்வாறே, இயற்கையில் முளைத்தது எதுவும் தீங்கு செய்யாது என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவதும் உடன்பாடன்று. நான் சொல்ல வருவது வேறொன்று: நித்திரைக்கு இயற்கை வைத்தியம் என்று நாம் தேடவேண்டியது முதலில் வேரிலும் விதையிலும் அல்ல, வெயிலிலும் இருளிலும் அமைதியிலும், பாயை நாம் பயன்படுத்தும் முறையிலுமே அது இருக்கிறது, அவற்றுள்ளும் சில தனிமனிதன் கையிலன்றி ஊரார் கையில் இருக்கின்றன.

வேரையும் விதையையும் பற்றி முதலில் பார்ப்போம். மூலிகைக்கு வலிமையில்லை என்று எண்ணுபவர் சர்ப்பகந்தாவின் சரித்திரத்தை அறிதல் நலம். பைத்தியத்துக்கும் நித்திரையின்மைக்கும் இந்தியாவின் பாரம்பரிய வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்த அந்த வேரை, கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் புதிய வைத்திய உலகத்துக்கு எடுத்துரைத்தார்கள். 1949இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜல் வக்கீல், உயர் இரத்த அழுத்தத்தை அது தணிப்பதைத் தம் நோயாளரிடத்தில் கண்டு பிரித்தானிய இருதய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். 1952இல் சுவிற்சர்லாந்தின் சீபா கம்பெனியார் அதிலிருந்து ரெசெர்ப்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். உலகத்து மனநோய் வைத்தியசாலைகள் பலவற்றில் சில ஆண்டுகள் அது ராஜாவாக இருந்தது. ஆனால் அதனை உட்கொண்டவருட் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்வதும், அளவு மிஞ்சினால் இரத்த அழுத்தம் ஆபத்தான நிலைக்கு இறங்குவதும் கண்டபின், வேறு மருந்துகள் வரவே அது பின்னுக்குத் தள்ளப்பட்டது. நித்திரை தரும் வல்லமையுள்ள வேர், தீங்கு செய்யும் வல்லமையும் உடையதாகவே இருக்கும். ஒன்றுமே செய்யாத பண்டம் மாத்திரந்தான் ஒரு தீங்கும் செய்யாது.

இந்த அளவுகோலால் நமது சமையலறைப் பரிகாரங்களை அளந்து பார்க்கலாம். சாதிக்காய் ஒரு சிட்டிகை பாலிற் சேர்ந்தால் வாசனைக்கு நல்லது. நித்திரை வரவில்லையே என்று கரண்டிக் கணக்கில் தூளாக்கி விழுங்கினால் நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், இல்லாத காட்சிகள் கண்ணிற் தோன்றும். அமுக்கிராவை வைத்து நடந்த சிறிய பரிசோதனைகள் சிலவற்றில், நித்திரை ஓரளவு சீர்பட்டதாகக் கண்டிருக்கிறார்கள். ஆயினும் அதனால் ஈரல் பாதிப்புற்றோரைப் பற்றிய அறிக்கைகளும் உண்டு; டென்மார்க் அரசாங்கம் 2023இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. கர்ப்பிணிகளும், தைரொயிட் மருந்து உட்கொள்வோரும் அதைத் தாமாகவே தொடாதிருப்பது உத்தமம். கசகசாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை, வைத்தியத்தைச் சேர்ந்ததன்று எனினும், இப்பகுதிக்கு மிக அவசியமானது: ஐக்கிய அரபு இராச்சியம் போன்ற தேசங்களில் அது தடைசெய்யப்பட்ட பண்டம், வேலைக்குப் போகும் மகளின் பெட்டியில் தாயார் அன்போடு வைக்கும் ஒரு பொட்டலம் விமான நிலையத்திலேயே அவளைச் சிறைக்கு அனுப்பிவிடக்கூடும். பிள்ளைகள் அனுப்பும் போத்தல்களைப் பொறுத்தவரை, வலேரியனும் மெலற்றோனினும் நாட்பட்ட நித்திரையின்மைக்குப் பரிந்துரைக்கத் தக்க ஆதாரம் உடையன அல்ல என்பதே அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நிலைப்பாடு.

சித்த வைத்தியத்தை நாடுவோர், 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற வைத்தியரிடம் நேரிற் போய், தாம் உட்கொண்டுவரும் ஆங்கில மருந்துகளையெல்லாம் ஒளிக்காமற் சொல்லி மருந்து வாங்கட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் கற்று வெளியேறுவோர் நம்மிடையே இருக்கையில், பேரும் அளவும் எழுதாத தூள் பைகளைப் பஸ் நிலையத்தில் வாங்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. எண்ணெய் முழுக்குக்கு மாத்திரம் நான் முழுமனத்தோடு ஆதரவு தருவேன். எண்ணெயின் குணம் ஒருபுறமிருக்க, படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாக வெந்நீரில் குளித்தால் இரத்தம் தோலுக்கு வந்து உள்ளுடலின் சூடு வெளியேறுகிறது; உள்ளுடல் குளிரும்போதே நித்திரை வருவது சரீரத்தின் இயல்பு. இவ்வாறு குளிப்போர் சராசரி பத்து நிமிஷம் முந்தி உறங்குகிறார்கள் என்று ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் கூறுகிறார்கள். பத்து நிமிஷம் அற்பமாகத் தோன்றலாம். இராத்திரி இரண்டு மணிக்குக் கூரையை எண்ணிக்கொண்டு கிடந்தவனைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

இனி வெயிலுக்கு வருவோம். மனித சரீரத்துக்குள் ஒரு நாழிகைவட்டில் ஓடுகிறது என்பது இன்று கவிஞரின் கற்பனை அன்று; அது இயங்கும் விதத்தை அணுவணுவாகக் கண்டறிந்தமைக்காக ஜெப்ரி ஹால், மைக்கல் றொஸ்பாஷ், மைக்கல் யங் என்னும் மூவருக்கு 2017இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அந்த நாழிகைவட்டில் நாள்தோறும் சிறிது பிந்தவே பார்க்கும். அதைத் திருத்திச் சரிப்படுத்துவது காலை வெளிச்சம். காலையில் கண்ணிற் படும் ஒளியே, அன்றிரவு எத்தனை மணிக்கு நித்திரை வரவேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. இரவில் முகத்துக்கு நேரே பிடிக்கும் கைத்தொலைபேசி வெளிச்சமோ, இன்னும் பொழுது படவில்லை என்று மூளைக்குப் பொய் சொல்லி, மெலற்றோனின் சுரப்பைத் தாமதப்படுத்துகிறது.

இவ்விடத்தில் நம் பகுதிக்கே உரிய ஒரு வினோதத்தை நினைவுகூராமல் மேலே போக மனம் வரவில்லை. மின்சார நெருக்கடியை முன்னிட்டு 1996இல் அரசாங்கம் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரமும், சில மாதங்களுக்குப் பின் திருத்தி அரை மணி நேரமுமாக முன்தள்ளி வைத்தது. 2006 ஏப்ரலிலேதான் பழைய நேரத்துக்கு நாடு மீண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பிரதேசங்களோ பழைய நேரத்தையே பின்பற்றின. ஆகவே அந்தப் பத்தாண்டுகளில், எழுவான்கரையில் புது நேரத்தில் தோணியேறிய ஒருவன், வாவியைக் கடந்து புலிகளின் பிடியிலிருந்த படுவான்கரையில் கால்வைக்கும்போது பழைய நேரத்துக்குள் இறங்குவான். இக்கரையில் எட்டு மணி, அக்கரையில் ஏழரை. ஆனால் இரு கரையிலும் சேவல் ஒரே வேளையிற் கூவிற்று. வயலுக்குப் போனவன் ஒரே வேளையிற் போனான். கண்ணயர்ந்ததும் ஒரே வேளையில்தான். அரசாங்கம் திருப்பிவைக்கக் கூடியது சுவர்க்கடிகாரத்தை மாத்திரமே. தேகத்தின் கடிகாரம் சூரியனுக்குக் கீழ்ப்படிந்தது. பூமத்திய ரேகைக்கு இத்துணை அண்மையில், வருஷம் முழுவதிலும் பகற்பொழுதின் நீளம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடிக்குறையாத ஒரு தேசத்தில் பிறந்தும், விடிந்து இரண்டு மணி நேரம் சென்றபின் இருட்டறையிலிருந்து வெளிப்படுகிறவன், குளிர்தேசத்தவர் விளக்கு வைத்துக் காசு கொடுத்துப் பெறுகின்ற வைத்தியத்தை முற்றத்திலேயே வைத்துக்கொண்டு உதறுகிறான் என்றுதான் சொல்லவேண்டும். விடிந்த அரை மணிக்குள் கடற்கரைப் பக்கமாகவோ வாவிக்கரைப் பக்கமாகவோ ஒரு நடை போய் வருவதற்கு எந்தப் பரியாரியாருக்கும் கட்டணம் செலுத்தவேண்டியதில்லை.

அடுத்தது பாய். பன்னில் இழைத்த பாயாயினும், மெத்தையிட்ட கட்டிலாயினும் நியாயம் ஒன்றே. நித்திரை வராதவன் செய்யும் முதற் காரியம், எப்படியும் பிடித்துவிடலாம் என்று எட்டு மணிக்கே படுத்துவிடுவது. இழந்ததை ஈடுசெய்ய வேண்டுமென்று விடிந்த பிறகும் கிடப்பது. வலையை அகலமாய் வீசினால் கூட மீன் படும் என்பது வாவிக்குப் பொருந்தும், நித்திரைக்குப் பொருந்தாது. பாயிற் கிடக்கும் நேரம் நீள நீள நித்திரை நைந்து துண்டு துண்டாகிறது என்பதும், விழித்துக் கிடந்து கவலைப்பட்ட இடம் காலப்போக்கிற் கவலையையே எழுப்பும் இடமாகிறது என்பதும் பிரத்தியட்ச அனுபவம். பாயைக் கண்டவுடனே கண் விரியத் தொடங்கிவிடும். சாய்மனைக் கதிரையில் கதைகேட்டபடி தூங்கி வழிந்தவர், எழுந்து போய்ப் படுத்தவுடன் விழித்துக்கொள்வதன் இரகசியம் இதுவே.

இதற்கு மாற்றாக அமெரிக்க உளவியலாளர் றிச்சட் பூட்சின் 1972இல் வகுத்த நியமம் மிக எளிது: நித்திரை கண்ணைச் சுழற்றும்போது மாத்திரம் படு; இருபது நிமிஷமளவில் உறக்கம் வராவிடின் எழுந்து வேறிடம் போய், மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக ஏதேனும் செய்துகொண்டிரு; மறுபடி கண் சுழலும்போது திரும்பி வா; எத்தனை தரமாயினும் இப்படியே செய்; எப்போது உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடு. அதாவது, பாயோடு ஒட்டவேண்டுமானால் முதலிற் பாயைவிட்டு எழும்பப் பழகவேண்டும்! ஆதர் ஸ்பீல்மன் என்பார் 1987இல் இன்னும் ஒருபடி மேலே போனார். இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை ஒன்பது மணி நேரம் பாயில் இருந்தும், மெய்யாக உறங்குவது ஐந்தரை மணி நேரமே என்றால், அவர் நள்ளிரவு பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும்பட்டும். படுத்த நேரத்தில் பெரும்பகுதி உறக்கமாகவே கழியத் தொடங்கியபின், கிழமைக்குக் கால் மணி நேரமாகப் படுக்கும் வேளையை முன்னே கொண்டுவரட்டும் என்றார். முதற் சில நாள் கடுமையான சோர்வு வரும். பஸ், ஓட்டோ ஓட்டுவோரும், வலிப்பு நோயுள்ளவரும், மனவெழுச்சி நோயுள்ளவரும் வைத்தியர் மேற்பார்வையின்றி இதில் இறங்கலாகாது. இவ்விரண்டும், நித்திரையைப் பற்றிய பயங்களைத் தெளிவிக்கும் உரையாடலும் சேர்ந்த சிகிச்சையையே நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதலாவதாகக் கொடுக்கவேண்டுமென 2016இல் அமெரிக்க வைத்தியர் கல்லூரியும், 2017இல் ஐரோப்பிய நித்திரை ஆராய்ச்சிச் சங்கமும் விதந்துரைத்தன. குளிகையோ வேரோ கஷாயமோ இல்லாத இந்தச் சிகிச்சையைவிட இயற்கையான வைத்தியம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

தேத்தண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் வாசகர் கோபிப்பர், சொல்லாதொழியவும் முடியாது. அதிலுள்ள கஃபீன் உடலிற் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செல்லும். பின்னேரம் நாலு மணிக்குக் குடித்த சாயத்தில் பாதி, இரவு ஒன்பது மணிக்கும் இரத்தத்தில் உலாவும். மத்தியானத்துக்குப் பின் நிறுத்திப் பாருங்கள். கசிப்பும் சாராயமும் நித்திரை தருமென்பது வீண் பேச்சு. முன்னிரவில் மயக்கி, பின்னிரவில் எழுப்பிவிடும்.

ஆனால் இப்பகுதியின் நித்திரையின்மையைத் தேத்தண்ணிக் கணக்கிலும் வெளிச்சக் கணக்கிலும் அடக்கிவிட முயல்வது நேர்மையன்று. படுவான்கரையில் வேளாண்மை விளையும் காலத்தில் யானைக்குப் பயந்து பரணில் விழித்திருப்பவனை நேரத்தோடு படு என்று யார் சொல்வது? வாவியில் இரவு இறால் பிடிப்பவனுக்கு நிலாவே வேலைநேரம். கட்டாரிலே வேலைமுடிந்து இரவு ஒன்பதரைக்கு மகன் அழைக்கும்போது, இங்கே தாய்க்கு நள்ளிரவு பன்னிரண்டு மணி. அந்த அழைப்புக்காக அவள் விழித்திருக்கிறாள், அழைப்பு வந்தபின் அவன் சொன்னதையும் சொல்லாததையும் நினைத்து விழித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்று பகலில் ஆறுதலாகப் பேசிக்கொள்ளலாமே என்று யோசனை கூறுவதன்றி அவளைக் குறைசொல்ல நமக்கு என்ன அருகதை?

இவற்றிலும் ஆழமானது மற்றொன்று. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொக்கட்டிச்சோலையில், 1990 செப்ரெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடிமக்கள் கொல்லப்பட்டார்கள். 1990 ஜூலையில், ஊர் திரும்பிக்கொண்டிருந்த காத்தான்குடி முஸ்லிம்கள் பலர் இதே குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய ஜனாஸாக்களை முறைப்படி அடக்கஞ்செய்யும் ஆறுதல்கூட அக்குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை. பின்பு 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்தது. அலையின் இரைச்சலைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த மனிதர், அந்த இரைச்சல் சிறிது உரத்தாலும் எழுந்து குந்தியிருக்கும் காலம் வந்தது. இந்த விழிப்புகளுக்குக் கசகசாப் பாலைப் பரிகாரமாகச் சொல்வது அந்தத் துக்கத்தை அவமதிப்பதாகும். கனவில் திரும்பத் திரும்ப அதே காட்சி வந்து எழுப்புகிறவருக்கு வேண்டியது, அக்காட்சியைப் பயமின்றிச் சொல்லக்கூடிய ஒரு செவி. அதற்குரிய பயிற்சி பெற்றவர்கள் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் இருக்கிறார்கள். அங்கே போவது பைத்தியத்துக்கு மருந்தெடுப்பதென்று வாய்கூசாமற் பேசும் அயலவரே அந்த நோயை வளர்ப்பவர்கள். காணாமற் போனவர் எங்கே புதைக்கப்பட்டார் என்று அறிவிக்கும் கடமை வைத்தியருடையதன்று, அரசினுடையது. அது நிறைவேறாதவரை சில வீடுகளில் எந்த மருந்தும் முழுதாகப் பலிக்கப்போவதில்லை.

சரீர நோய்களும் இரவிலே பேசும். உரத்த குறட்டையும், இடையே மூச்சு நின்று திணறி எழுவதும், பகலில் இருந்த இடத்திலே தூங்கி விழுவதும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அது நித்திரைக் குறைவன்று, மூச்சுத்தடை நோய். அவருக்கு நித்திரைக் குளிகை கொடுப்பது ஆபத்து. படுத்தவுடன் கால் குடைந்து அசைக்காமல் இருக்கமுடியாத பெண்களுட் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாயிருக்கும். சீனி வருத்தக்காரர் இரவில் நான்கைந்து தரம் சிறுநீருக்கு எழும்புவது சீனி அடங்கவில்லை என்பதற்கு அறிகுறியாகலாம். விடியற்புறம் மூன்று மணிக்கு விழித்துப் பிறகு உறங்காமல், எதிலும் விருப்பமின்றிக் கிழமைக்கணக்காக இருப்பவர், நித்திரைக்கு அல்ல, மனச்சோர்வுக்கே வைத்தியம் பார்க்கவேண்டும். கிழமைக்கு மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேலாக உறக்கம் கெட்டிருந்தால் கைமருந்தை நிறுத்திவிட்டு வைத்தியரைக் காண்பதே முறை.

நித்திரைக் குளிகைகளின் கதையும் நாடறிந்ததே. 1963இல் டயஸிபாம் சந்தைக்கு வந்தபோது, பழைய பார்பிற்றியூரேற்றுகளிலும் அது பத்திரமானது என்பதில் உண்மையிருந்தது. ஆனால் சில கிழமைகளுக்கென்று தொடங்கியதைச் சில வருஷங்களுக்கு நீட்டிய வயோதிபர் எத்தனை பேர் நம் வீடுகளில் இருக்கிறார்கள்! வைத்தியரின் துண்டு பழையதாகியும், பழகிய மருந்துக்கடையிலே அதே பெயரைச் சொல்லி வாங்கிவரும் வழக்கத்தை நிறுத்தவேண்டும். இரவில் எழும்பித் தடுமாறி விழுந்து தொடையெலும்பு முறிவதற்கு இக்குளிகைகள் ஒரு காரணமாகின்றன. அதற்காக இதை வாசித்த இன்றிரவே பெட்டியோடு வாவியில் எறிந்துவிடவும் கூடாது. நெடுங்காலம் பழகியதைத் திடீரென விட்டால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். வைத்தியர் சொல்லுகிறபடி சிறிது சிறிதாகவே குறைக்கவேண்டும்.

கடைசியாக, ஊராருடைய பங்கு. பிள்ளைகளுக்குப் பதின்ம வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் உறக்கம் வேண்டும். அவர்களுடைய உடற்கடிகாரமும் அவ்வயதில் இயல்பாகவே பிந்தி ஓடும். சாதாரண தரப் பரீட்சை வருகிறதென்று நாலு மணிக்கு எழுப்பி, ஐந்து மணி ரியூசனுக்கு அனுப்பும் பெற்றோரும், அந்த வேளையில் வகுப்பு வைக்கும் ஆசிரியரும், படித்ததை மனத்திற் பதிப்பதே நித்திரைதான் என்பதைச் சிந்திப்பாராக.

ஒலிபெருக்கியைப் பற்றிச் சொல்லும்போது பக்திமான்கள் என்மீது சினங்கொள்ளலாம். எங்கள் பகுதியின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் விடிய விடிய நடந்தவையே. வைகாசியிற் கண்ணகை அம்மன் சடங்கும், சிவராத்திரியும் இராவிழிப்பை உடையனவே. அந்த இரவுகளில் ஊர் முழுவதும் தன் சம்மதத்தோடு விழித்திருந்தது, மறுநாள் முழுவதும் சேர்ந்து உறங்கிற்று. மத்தளத்தின் ஒலி களரியைச் சூழ இருந்தோரைத் தாண்டி அதிகதூரம் போகவுமில்லை. இன்றோ கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்ற பேதமின்றி, கலியாண வீடும் விளையாட்டுப் போட்டியும் உட்பட, குழல் வடிவ ஒலிபெருக்கி ஊரின் நாலு திசையையும் நோக்கி மரத்திற் கட்டப்படுகிறது. வெலிகாமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி குறித்த வழக்கில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா 2007 நவம்பரில் வழங்கிய உயர் நீதிமன்றத் தீர்ப்பு, எந்தச் சமயத்தாராயினும் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்பதைப் பொதுவிதியாக வைத்து, விசேஷ வைபவங்களுக்கு மாத்திரம் கடும் நிபந்தனையோடு விலக்களித்தது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஐரோப்பாவுக்கென வகுத்த வழிகாட்டியில், வீட்டுக்கு வெளியே இரவுச் சத்தம் நாற்பது டெசிபெலுக்கு மேற் போகாதிருப்பது நன்று என்கிறது. அது ஒரு வாசிகசாலையின் அமைதிக்கு ஒப்பானது. சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து நடை சாத்திய பின்பும், சந்நிதியில் ஒருவருமில்லாத வேளையில் பாடிக்கொண்டிருக்கும் ஒலிப்பதிவால் அயல்வீட்டு இருதய நோயாளி விழித்திருக்கவேண்டியதுதான் புண்ணியமா என்று கோயில் நிருவாகிகளாகிய நம் வண்ணக்கர்மாரே ஆலோசிக்கட்டும்.

இதற்குப் பொலிசாரை அழைக்கவேண்டிய தேவையே இல்லை. வருகிற திருவிழாவுக்கு ஒலிபெருக்கிக்காரரிடம் முற்பணம் கொடுக்கும்போதே இரவு பத்து மணியென்ற நிபந்தனையைப் பற்றுச்சீட்டில் எழுதிக்கொள்ளலாம். மரத்திற் கட்டும் குழல்களை விலக்கி, வீதிக்குள் மாத்திரம் கேட்கும் சிறு பெட்டிகளை உள்நோக்கி வைக்கலாம். விழித்திருக்கவேண்டிய அந்த ஒன்றிரண்டு சடங்கு இரவுகளைத் திகதியிட்டு முன்னதாகவே அயலவருக்கு அறிவிக்கலாம். குருக்கள்மடத்து ஆலய பரிபாலன சபையார் இதனை முதலில் தொடங்கினால், செட்டிபாளையத்தாரும் களுதாவளையாரும் பின்பற்றுவதற்கு அதிக நாள் செல்லாது. இவ்வூர்களுக்குள்ளே ஒருவர் செய்ததைவிட மற்றவர் குறைந்துபோகச் சம்மதிப்பதில்லை என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியவர் இப்பகுதியில் யாருமிலர்.